ஆறு இடம் மாறிய வருஷம்

ஓடம் கரை தட்டியதும் மைனெசி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். போன வருஷம் வரை இந்த நிலத்துக்கு அவள் நடந்தே வந்துகொண்டிருந்தாள். மார்ச் மாதப் புயலில், இரு நாட்டுக்கும் எல்லையாக ஓடிய ஷிரே ஆறு கரையை உடைத்துக்கொண்டு அவள் ஊரின் நடுவே புது வழி வெட்டிக்கொண்டது. பழைய ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. மலாவியில் இருந்த அவள் நிலம் இப்போது மொசாம்பிக் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நிலத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. அவள் விதைத்ததல்ல. களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். செலெஸ்தினா. அந்தக் கரைக்காரி, சந்தையில் கருவாடு விற்பவள். இருவருக்கும் தாய்மொழி ஒன்றுதான், சேனா. சண்டை போட அது வசதியாக இருந்தது.

"இது யாரு நிலம்னு தெரியுமில்ல உனக்கு?"

"ஆறுதான் எல்லைன்னு உங்க ஆளுங்கதானே எப்பவும் சொல்லுவீங்க. ஆத்தைப் போய்க் கேளு."

"ஆறு வந்து என் வீட்டையும் தின்னுட்டுப் போயிருக்கு."

"எங்க ஊரே இல்ல. கடல்லேருந்து கிளம்புற காத்து எங்களைத்தான் முதல்ல அடிக்குது. உங்களுக்கு வர்றது மிச்சம் மீதி."

"மிச்சமா?" மைனெசியின் குரல் தணிந்தது. வெள்ளம் வந்த இரவில் அவள் புருஷன் ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவன்தான். ஆடுகள் திரும்பி வந்தன. "காத்து உங்களோட நின்னுடுது. மலையிலேருந்து இறங்குற தண்ணி மொத்தமும் எங்க தலைமேல. உங்களுக்காவது கடல் இருக்கு, துறைமுகம் இருக்கு."

"துறைமுகத்தை உப்புப் போட்டுத் திங்கச் சொல்றியா? உங்க நிவாரண முகாம்ல மாவு மூட்டை இறங்கினதை இங்கேருந்து பார்த்துக்கிட்டுதான் கிடந்தோம்."

போன வாரம் முகாமுக்கு ஓர் ஆராய்ச்சிக்காரி வந்திருந்தாள். இரண்டு நாடுகளில் எது அதிகம் அடிபடும், எது சீக்கிரம் எழுந்துகொள்ளும் என்று கேட்டாள். மைனெசி யோசிக்காமல் எங்கள் நாடுதான் அடிபடும் என்றாள். இப்போது அதைச் சொல்லிக் காட்டினாள்.

"இங்கயும் வந்தா. நானும் எங்க நாடுதான்னு சொல்லியனுப்பினேன்," என்றாள் செலெஸ்தினா. "யாரு சொன்னதை நம்பினாளோ."

மைனெசி மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள். வரிசையின் தலைமாட்டில் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். பயிர்கள் வேரோடு மண் தெறிக்கச் சாய்ந்தன. செலெஸ்தினா ஓடிவந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்தாள். இருவரும் இழுத்தார்கள், சேற்றில் முட்டி போட்டார்கள், ஒருத்தி மற்றவள் மணிக்கட்டைக் கடித்தாள். ஓடக்காரன் கரையிலிருந்து ஏதோ கத்தினான்; இறங்கி வரவில்லை. மைனெசிக்குத்தான் பலம் அதிகம். காம்பை உருவிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

"அந்த மூலையை மட்டும் விட்டுடு." செலெஸ்தினா எழுந்திருக்காமலே சொன்னாள். "அங்க என் மக இருக்கா."

மைனெசி திரும்பினாள். மூலையில் பயிர் இல்லை. கொஞ்சம் மேடாக, மிதிபடாத மண்.

"என் நிலத்துலயா புதைச்ச?"

"தண்ணிக்கு மேல நின்ன மண்ணு அது ஒண்ணுதான். வேற எங்க கொண்டுபோவேன்?"

புதைக்க உடம்பாவது கிடைத்ததே உனக்கு என்று மைனெசியின் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். இரக்கம் வந்திருந்தால் ஓடத்தில் ஏறிப் போயிருப்பாள். வந்தது பொறாமை. அந்த மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

"நாளைக்கும் வருவேன்."

"வா. நான் எங்க போயிடப் போறேன்."

வெயில் ஏறியது. மைனெசி வெட்டிக்கொண்டே முன்னால் போனாள். பின்னால் செலெஸ்தினா மண்டியிட்டபடி நகர்ந்து வந்தாள். சாய்ந்த பயிர்களில் வேர் அறாததை ஒவ்வொன்றாக எடுத்து, அதே குழியில் நிறுத்தி, ஈர மண்ணை விரலால் அழுத்தினாள். காற்று வீசியபோது அவை ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சில நிமிர்ந்தன.