ஆற்றுக்குத் திரும்பிய நண்டு

மத்தியானம் இரண்டரை மணியானால் அந்தச் சிசிலி நகரத்தின் லிபெர்த்தா வட்டாரத்து வீடுகளெல்லாம் சாளரங்களை இழுத்து மூடிக்கொண்டு கண்ணயர்ந்துவிடும். நான்காம் மாடியில் சின்யோரா நுன்ஸியா மட்டும் உறங்கமாட்டார். எண்பத்து நான்கு வயது. நடக்காத கால்களைப் போர்வையால் மூடி, சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, "ஸ்தெல்லா, அப்பாவின்ரை றெக்கோட்டைப் போடு" என்பார். அவரைப் பராமரிக்கும் ஸ்ரெல்லா, அவர் வாயில் ஸ்தெல்லா, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் கறுப்புத் தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்கி வைத்து, ஊசியை மெல்ல இறக்குவாள். பிறகு தரையில் முழங்காலிடுவாள்.

முழங்காலிடும்படி யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒருநாள் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது கால்கள் தாமாகவே மடங்கின. முதலில் ஒரு கிளாரினெட் தாழ்ந்த குரலில் எதையோ தேடிக்கொண்டு வரும். பிறகு ஒரு பெண் கூப்பிடுவாள். அவள் ஒரு வரியை இழுத்து நிறுத்த, மூன்று நான்கு ஆண்கள் அடித்தொண்டையில் அதை வாங்கிக்கொள்வார்கள். அவளுடைய ஊர்ப் பேசாலைக் கோயிலில் தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசான் பாடும்போது இப்படித்தான். ஒருவர் தூக்க, மற்றவர்கள் தாங்குவார்கள். சிலுவைக்குக் கீழே மாதா அழுகிற பாட்டாக இருக்கவேண்டும் என்று அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

அந்த முடிவு அவளுக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. அவளுடைய கணவன் இராயப்பு, களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்ற் மூலம், அவளிடம் வந்து சேரக் கொழும்பை விட்டுப் புறப்பட்டு, மொஸ்கோவிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசி, ஏழு வாரமாகிவிட்டது. அதன்பிறகு ஒரு சொல் இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாவது மணியிலேயே மனம் ஒரு லொறிக்குள் ஏறிவிடும். காற்றில்லாத, சாளரமில்லாத லொறி. விரல் மணிகளைத் தள்ளிக்கொண்டே போகும். வாய் வெறுமனே அசையும். இந்தத் தட்டு சுழலும் மூன்று நிமிடங்களில் மட்டும் அவள் லொறிக்கு வெளியே நின்றாள். அந்தப் பெண்ணின் குரலுக்குள் இராயப்புவை வைத்து, மெதுவாக மேலே அனுப்பிவிடலாம் போலிருந்தது.

பாட்டு எந்த மொழி என்று யாருக்கும் தெரியாது. சின்யோரா பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். "பிரெஞ்சு நித்திரையிலை கதைச்சா இப்பிடித்தான் இருக்கும்" என்பார். சின்யோரா இத்தாலியனில் சொல்வதெல்லாம் ஸ்ரெல்லாவின் காதில் பேசாலைத் தமிழாகவே விழும். மூன்று வருடப் பழக்கம் அது.

சின்யோராவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருடைய தகப்பன் எலுமிச்சம்பழம் ஏற்றிய கப்பலில் நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். போனவர் பத்தொன்பது வருடம் கழித்துத்தான் திரும்பினார். ஒரு கிளாரினெட்டும், ஏதோ கடையொன்றில் பணம் கட்டிப் பதிவுசெய்த, பெயரெழுதாத இந்தத் தட்டும் கையில் இருந்தன.

"அங்கை ஒரு சந்தி இருந்ததாம்" என்று சின்யோரா கண்களை மூடிக்கொண்டு சொல்வார். "ஒரு தெருவாலை எங்கடை சிசிலி ஆக்கள் சூசையப்பர் திருநாளுக்கு பாண்ட் அடிச்சுக்கொண்டு வருவினம். மற்றத் தெருவிலை கறுப்பு ஆக்கள் கோயிலுக்குள்ளை கை தட்டிப் பாடுவினம். துறைமுகப் பக்கத்தாலை கியூபாக்காரன் மேளம் தட்டிக்கொண்டு வருவான். எல்லாம் அந்தச் சந்தியிலை வந்து முட்டும். முட்டின இடத்திலை பிறந்ததைத்தான் பிறகு உலகம் முழுக்க வைச்சு ஆடினது. அப்பா அதுக்குள்ளை நிண்டவர்."

வெளியே சிரோக்கோக் காற்று வீசும் நாட்களில் ஆப்பிரிக்க மணல் சாளரச் சட்டங்களில் மஞ்சளாகப் படியும். அறைக்குள் பாதி வெளிச்சம். தட்டு சுழலச் சுழல அந்தச் சந்தி ஸ்ரெல்லாவுக்கும் தெரியத் தொடங்கியது. அதில் ஒரு மூலையில் பேசாலைக் கோயிலின் பாட்டுக்காரர்களும் வெள்ளை வேட்டியோடு வந்து நிற்பார்கள். அவர்களை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் அவளுக்கு ஓய்வு. இராயப்புவின் தங்கை அனிற்றாவும் அவளும் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், கூண்டு கூண்டாகத் தொலைபேசி வைத்திருக்கும் கடைக்குப் போய்க் கொழும்பிலிருந்த ஏஜென்றோடு பேசினார்கள். அனிற்றா கூண்டை விட்டு வெளியே வந்தபோது முகம் கொதித்தது.

"அதே கதைதான் மச்சாள். 'ஆக்கள் சுகமா நிக்கினம்' எண்டுறான். எப்ப கேட்டாலும் நிக்கினமாம். ஆக்கள் என்ன தென்னம்பிள்ளையோ, நட்ட இடத்திலை நிண்டுகொண்டிருக்க?"

"எங்கை எண்டு கேட்டனியே?"

"கேட்டனான். 'அதெல்லாம் போனிலை கதைக்கேலாது தங்கச்சி' எண்டு எனக்குப் புத்தி சொல்லுறான்." அனிற்றா அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் கோயில் பக்கமும் வாறேல்லை. சுவாமியாரும் கேட்டவர்."

"நான் மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறன்."

"எங்கை வைச்சு?"

ஸ்ரெல்லா மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கினாள். சொன்னால் அது கலைந்துவிடும் என்று பயந்தாள்.

மறுநாள் பிற்பகல் சின்யோரா அதிசயமாகப் பாட்டு நடக்கும்போதே உறங்கிப்போனார். ஸ்ரெல்லா முழங்காலில் நின்றாள். இரண்டாம் மாடியில் வேலை செய்யும் சப்ரினா, வாங்கிக்கொண்டு போன இஸ்திரிப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், திறந்து கிடந்த கதவால் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்ரெல்லா நின்ற கோலத்தைக் கண்டதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள்.

சப்ரினா மொரீசியஸ் தீவுக்காரி. அவளுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள். நெற்றியில் திருநீறு வைப்பாள். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பாள். ஆனால் 'வேல்', 'சாமி', 'அரோகரா' என்ற மூன்று சொல்லைத் தாண்டித் தமிழ் வராது. இருவரும் இத்தாலியனில்தான் பேசிக்கொள்வார்கள்.

அவள் கைகளைக் கூப்பிக்கொண்டு பக்தியோடு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தலையைச் சரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஸ்ரெல்லா எழுந்து அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னடி சிரிப்பு? சின்யோரா எழும்பப் போறா."

"நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் ஸ்ரெல்லா? நண்டுக் கறிக்கோ முழங்காலிலை நிக்கிறாய்?"

"என்ன நண்டு?"

"அந்தப் பாட்டு! அவள் புருசனை ஏசுறாள். சோறு ஆறிக் கல்லாப் போச்சாம். குழம்பைப் பூனை நக்கிப் போட்டுதாம். சட்டியிலை போட்ட நண்டு, உன்னைப் பாத்துப் பாத்து அலுத்து, இறங்கி நடந்து ஆத்துக்கே திரும்பிப் போட்டுது, எங்கையடா மினக்கெடுறாய் வெக்கங்கெட்டவனே எண்டு கேக்கிறாள். அந்த ஆம்பிளையள் 'வாறன், வாறன்' எண்டு அவனை மாதிரி நளினம் பண்ணுறாங்கள்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை வீட்டுப் பாஷை. முழுக்க இல்லை, கொஞ்சம் மாறிக் கிடக்கு. ஆனா விளங்குது. என்ரை மகன் கியோம் கேட்டாலும் விளங்கும்."

"இது அமெரிக்காவிலை அடிச்ச றெக்கோட்."

"இருக்கட்டுமன். அங்கையும் பிரெஞ்சுக்காரன்தான் அடிமையளைக் கொண்டுபோனவன், எங்கடை தீவுக்கும் அவன்தான். அவன்ரை சொல்லை எடுத்து அந்தச் சனம் தங்கடை வாய்க்கு ஏத்தமாதிரிச் சமைச்சது. பிறகு போன எங்கடை ஆக்களும் அதையே பழகிச்சினம்." சப்ரினா மறுபடி சிரித்தாள். "சின்னனிலை இப்பிடிப் பாட்டுப் பாடினா எங்கடை அம்மா வாயிலை போடுவா. அது கூடாத சனத்தின்ரை பாட்டாம். நீ என்னடா எண்டா குருசு போட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

ஸ்ரெல்லாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் முகத்தைக் கண்டு சப்ரினா இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் ஸ்ரெல்லா தட்டைத் தொடவில்லை. ஊசி பழுது என்று சின்யோராவிடம் பொய் சொன்னாள். ஏழு வாரமாக அவள் அனுப்பிய மன்றாட்டு எதுவும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால், இராயப்புவின் பெயரைக் கேட்கக் காத்திருந்த கடவுளுக்கு ஒரு நண்டின் கதைதான் கேட்டிருக்கும். இத்தனை நாளும் அவனுக்காக யாரும் வேண்டிக்கொள்ளாமல் அவன் எங்கோ தனியே கிடந்தான். அவள்தான் அவனைக் கைவிட்டுவிட்டாள். வேலைக்குப் பேருந்தில் வரும்போது காற்று மஞ்சளாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, வாகனங்களுக்கு நடுவே, ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்து தெருவைக் கடப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. யாரையோ எதிர்பார்த்து அலுத்துப்போன நடை.

மூன்றாம் நாள் சின்யோரா சொன்னார்: "ஊசியிலை பழுதில்லை. பழுது உன்னிலை. என்னெண்டு சொல்லு."

ஸ்ரெல்லா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இராயப்புவைப் பற்றி, லொறியைப் பற்றி, முழங்காலிட்டு வேண்டியதைப் பற்றி, நண்டைப் பற்றி. சொல்லி முடிந்தபோது சின்யோராவின் உதடுகள் இறுகியிருந்தன.

"உன்ரை சிநேகிதியின்ரை தீவு வேறை. அவளுக்கு என்ன தெரியும்? அப்பா இதைக் கதவைச் சாத்திப்போட்டு அழுது அழுது கேட்டவர்."

"ஓம் சின்யோரா."

"நண்டுக் கறிக்கு ஆரும் அழுவினமே?"

சின்யோரா அந்தக் கறுப்புத் தட்டைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"இந்தப் பாட்டுத் தொடங்கினா அம்மா எழும்பிப் போயிடுவா. ஒவ்வொரு முறையும். மொழி தெரியாட்டியும் அவவுக்கு விளங்கியிருக்கும். பத்தொன்பது வருசம் சோத்தை மூடி வைச்சவ தானே." போர்வையின் நூலொன்றை இழுத்தார். "அப்பா ஒண்டு சொல்லுவார். அங்கை ஒரு மெட்டு காலமை கோயிலிலை நிக்குமாம். பின்னேரம் அதே மெட்டு வேறை சொல்லைப் போட்டுக்கொண்டு சாராயக்கடையிலை நிக்குமாம். திருப்பி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே வருமாம். பாட்டுக்கு வெக்கமில்லை எண்டுவார். வெக்கம் எங்களுக்குத்தான்."

பிறகு கேட்டார்: "அவன் வாறானோ, கடைசியிலை?"

"பாட்டிலையோ? தெரியாது சின்யோரா. மூண்டு நிமிசத்திலை றெக்கோட் முடிஞ்சுபோகுது. அவள் கத்திக்கொண்டுதான் நிக்கிறாள்."

"போடு, கேப்பம்."

ஸ்ரெல்லா போட்டாள். இந்த முறை முழங்காலிடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று கேட்டாள். அதே கிளாரினெட். அதே பெண். ஆனால் இப்போது அந்தக் குரல் சிலுவைக்குக் கீழே நிற்கவில்லை. அது ஒரு வாசலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவின் முடிவைப் பார்த்து நின்றது. இழுத்து நிறுத்திய ஒவ்வொரு வரியின் நுனியிலும் ஒரு சிறிய இடம் விட்டிருந்தது. அவன் பிந்தியதற்குச் சாட்டுச் சொல்வதற்கான இடம். அந்த ஆண்கள் அதில் புகுந்துகொண்டு அவனைப்போல நடித்துச் சிரித்தார்கள். அவள் திரும்பவும் அதைத் துப்புரவாக்கி, அவனுக்கென்று திறந்து வைத்தாள்.

இந்த ஏழு வாரமும் தான் எந்தக் குரலில் வேண்டினாள் என்பது ஸ்ரெல்லாவுக்குத் தெரிந்தது. பசான் குரல். வெள்ளைத் துணியால் மூடிய ஒருவனுக்குப் பாடும் குரல். அவன் போய்விட்டான் என்று யாரும் சொல்வதற்கு முன்பே அவள் அவனைத் தூக்கிக் கிடத்தி, பக்கத்தில் முழங்காலிட்டுவிட்டாள். அதனால்தான் அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இறந்தவனுக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

சாட்டுச் சொல்லப்போகிறவனைத்தான் வாசலில் நின்று ஏச முடியும்.

அவள் சமையலறைக்குப் போனாள். கழுவும் தொட்டியில் கத்தரிக்காய்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து வெட்டத் தொடங்கினாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"எங்கையப்பா போய்த் துலைஞ்சனியள்? மொஸ்கோவிலை அப்பிடி என்ன வேலை உங்களுக்கு? ஒரு போன் எடுக்க ஏலாதே? கை முறிஞ்சு போச்சே? கட்டுற சாறத்தையும் மறந்து விட்டிட்டுத்தான் போயிருப்பியள், எனக்குத் தெரியும். அனிற்றா நித்திரை கொள்ளுறேல்லை. நான் விசர் பிடிச்சு நண்டுப் பாட்டுக்கு முழங்காலிலை நிக்கிறன். வாங்கோ, வந்து இதுக்கு ஒரு சாட்டுச் சொல்லுங்கோ பாப்பம். நல்ல சாட்டாச் சொல்லோணும். பழசு சொன்னா விடமாட்டன்."

கத்தி பலகையில் வேகமாக இறங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் குரல் உடையவில்லை, கூடியது. இது மன்றாட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. லொறி மனதில் வந்தது. அவள் அதன் கதவைக் கையால் அடித்தாள். இறங்கும்படி கத்தினாள்.

முன் அறையில் தட்டு முடிந்து ஊசி உராய்ந்துகொண்டிருந்தது.

"ஆரோடை கதைக்கிறாய் ஸ்தெல்லா?" என்று சின்யோரா கூப்பிட்டார்.

"என்ரை மனுசனோடை."

"என்ன சொல்லுறான்?"

ஸ்ரெல்லா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னும் வாய் திறக்கேல்லை."

"அப்ப விடாதை" என்றார் சின்யோரா. "ஏசு. கொஞ்சம் சத்தமா ஏசு. எனக்கும் கேக்கட்டும்."

அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.