கடவில் முள்

முள்ளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு என் மயிலைப் பசு நிற்கிறது, வேலியில் மாடு நுழையும் கடவை அடைத்துக் கருவேல முள், முள்ளுக்கு அப்பால் கிணறு, கிணற்றடியில் தொட்டி நிறையத் தண்ணீர், எனக்கும் தெரிகிறது, மாட்டுக்கும் தெரிகிறது, வா சாமி, வந்துரு என்கிறேன், அசைய மாட்டேன் என்கிறது, உச்சி வெயில், சினைமாடு, வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்குகிறது, பங்குனியா சித்திரையா, எல்லாம் ஒரே வெயில்தான், கனவிலும் அதே வெயில்தான்.

வெள்ளாமைக் காட்டைப் பங்கு வைத்தபோது கிணறும் தொட்டியும் கொழுந்தன் செங்கோடன் பக்கம் போயின, போகட்டும் என்றார் என் வீட்டுக்காரர், மாடு தண்ணிக்குப் போற வழிய எவனும் அடைக்கமாட்டான், எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், வெட்டுக்குத்து நடந்த பங்காளிகள்கூட அந்த வழியை அடைத்ததில்லை, அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை, இவன் அடைத்தான். எதற்கு, மயிலை முந்தி ஈன்ற காளைக்கன்றைத் தன் கன்றுக்கு ஜோடி சேர்க்கக் கேட்டான், நான் சந்தையில் அயலூரானுக்குக் கொடுத்துவிட்டேன், என் மாடு, என் கன்று, இவனைக் கேட்டா கொடுக்க வேண்டும். எம்பட தொட்டிக்கு உங்க மாடு எதுக்கு வருதுங்க நங்கையா என்றான், அண்ணன் பெண்டாட்டியை மரியாதையாக நங்கையா என்று கூப்பிட்டுக்கொண்டே முள்ளை இழுத்துப் போட்டான், உன்ற கை வெளங்காமப் போயிரும்டா என்றேன், மண்ணை வாரித் தூற்றினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தேன், மருந்து வாசம், மோந்து பார்த்துவிட்டு மயிலை திரும்பிக்கொண்டது, புண்ணாக்கு கரைத்தேன், உப்புப் போட்டேன், நாலு வாய் குடித்துவிட்டுக் கடவுக்கே போய்விடும், கட்டிப்போட்டால் கத்தும், அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டுதானே அவன் சோறு தின்றான், மாசம் நிறையும் முன்பே கன்று விழுந்தது, பெட்டைக்கன்று, கிடாரி, உயிரில்லை, மயிலை நக்கிக்கொண்டே இருந்தது, புதைத்த பிறகு அந்த மண்ணை நக்கியது, கண்ணை மூடினால் அந்த நாக்குச் சத்தம், கனவில் அந்தக் கிடாரி எழுந்து நடக்கிறது, முள் வழிவிடுகிறது, தொட்டியில் வாய் வைக்கிறது, குடி கண்ணு என்கிறேன், விழித்தால் என் வாய்தான் காய்ந்து கிடக்கிறது.

பிறகு வைகாசியில் மழை, யாருக்கு வேண்டும் இனி, குட்டையெல்லாம் நிறைந்தது, செங்கோடனுக்கும் மனசு இளகியதாம், தானே முள்ளை எடுத்துக் கடவைத் திறந்துவிட்டிருக்கிறான், திறந்தவன் ஒன்றை மறந்தான், இந்தப் பக்கம் என் காட்டில் அறுத்துவிட்ட சோளக்கட்டை, வெயிலில் காய்ந்து கிடந்தது மழைக்குத் துளிர்த்துப் பச்சைப்பசேலென்று நிற்கிறது, அந்தத் துளிர் மாட்டுக்கு விஷம், தின்றால் நுரை தள்ளிச் சாகும், பண்ணையம் பார்க்கிற எவனுக்கும் தெரியும், அவனுடைய கிடாரி கடவைத் தாண்டி வருகிறது, கழுத்து மணி ஆடுகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தின்னு, தின்னு செத்துப் போ, அவனும் அழட்டும் என்று மனசு சொல்கிறது, நிஜமாகவே சொல்லிற்று, கிடாரி குனிகிறது, நாக்கை நீட்டுகிறது, அந்த நாக்கைப் பார்த்ததும் என் கால் ஓடிவிட்டது, கையில் கிடைத்த தடியால் மூஞ்சியிலேயே ஒன்று போட்டு அந்தப் பக்கம் விரட்டினேன். செங்கோடன் மூச்சிரைக்க ஓடி வந்தான், நீங்க சாமிங்க நங்கையா என்று கும்பிட்டான், உனக்காவ அத வெரட்டுல, அது வாயில்லாச் சீவன், கையக் கீழ எறக்கு என்றேன், இனிக் கடவு தொறந்தே கெடக்கட்டுங்க, மயிலை எப்ப வேண்ணாலும் வந்து குடிக்கட்டும் என்றான்.

அவன் எடுத்துப் போட்டிருந்த முள்ளை அவன் கண்ணெதிரேயே இழுத்து வந்து கடவை அடைத்தேன், உள்ளங்கை கிழிந்தது, கிழியட்டும். மயிலை இன்றைக்கும் உச்சி வெயிலில் வருகிறது, குட்டையில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் வருகிறது, ஆனாலும் முள்ளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது, வா என்று நான் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் போய் நானும் நிற்கிறேன், முள் இப்போது என்னுடையது.