கட்டாமல் இருந்திருந்தால்

ஈரப் பெட்ஷீட்டின் முனையை உதறி, விளிம்பை நேராக்கி, இஸ்திரி ரோலரின் வாயில் கொடுத்தாள் அண்ணி. மறுமுனையைப் பிடித்திருந்த புதுப்பெண் அதைக் கோணலாகக் கொடுத்தாள். துணி சுருக்கத்தோடு உள்ளே போய், சுருக்கத்தோடே அழுத்தம் வாங்கிக்கொண்டு பின்பக்கம் வந்து விழுந்தது. ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த அந்த லாண்டரிக்கு ஜன்னல் கிடையாது. ஆவி போக வழியில்லாமல் சுவரில் படிந்து சொட்டியது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பெட்ஷீட் ஓட்டியாக வேண்டும்.

"இழுத்துப் பிடிடி. அது உன்னைக் கடிக்காது."

சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன மாதம்வரை அந்த முனையில் நின்றவள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். வந்த முதல் நாள் முழுக்க அவள் "அண்ணி, அண்ணி" என்று வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றியதில், பாய்லர்காரர் முதல் சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் இவள் அண்ணி ஆகிவிட்டாள். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது.

ரோலரின் வாய் ஓரமாக ஓர் இரும்புப் பட்டை உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரல் என்ன, தடித்த விளிம்புள்ள பெட்ஷீட் இடித்தாலும் நின்றுவிடும். நின்றால் சாவியோடு சூப்பர்வைசர் வர வேண்டும், சூடு ஏற வேண்டும், பத்து நிமிஷம் பாழ். அதனால் கிழிந்த தலையணை உறையால் அந்தப் பட்டையைத் தூக்கிக் கட்டிவிடுவது வழக்கம். கட்டுவதற்கு வாகான துணியைச் சூப்பர்வைசரே பொறுக்கிக் கொடுப்பார். சோதனைக்கு ஆள் வரும் நாளில் அவிழ்ப்பார்கள். நாத்தனாரின் கை உள்ளே போன பிறகு மூன்று நாள் கட்டாமல் ஓட்டினார்கள். நான்காம் நாள் பழையபடி கட்டியாயிற்று.

நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. அண்ணி முகம் கழுவிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஊழியர் சாப்பாட்டு அறைக்குப் போனாள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே இங்கிலீஷ் வகுப்பு. ரிசப்ஷனில் நிற்கும் பெண்தான் டீச்சர். ஒழுங்காகத் தேறினால் மேல் மாடிக்கு, அறை சுத்தம் செய்யும் வேலைக்கு மாற்றுவார்கள். அங்கே காற்று வரும். பதினோரு வருஷம் ஆவியில் வெந்தவளுக்கு அந்தக் காற்றே பெரிய சம்பளம்.

"இஃப் வாக்கியம் மூணு வகை. மழை வந்தா குடை எடுப்பேன், இது முதல் வகை. நடக்க வாய்ப்பிருக்கு. எனக்கு றெக்கை இருந்தா பறப்பேன், இது ரெண்டாவது. சும்மா கற்பனை."

பாய்லர்காரர் கையைத் தூக்கினார். "மேடம், சம்பளத்தைக் கூட்டினா சந்தோஷமா வேலை செய்வேன். இது எத்தனாவது?"

"முதல் வகைதான்."

"இல்லைங்க மேடம், அதை றெக்கை பக்கத்துல போடுங்க."

டீச்சர்கூடச் சிரித்துவிட்டாள். பிறகு பலகையில் மூன்று என்று எழுதி வட்டமிட்டாள்.

"மூணாவது வகை, முடிஞ்சுபோன விஷயம். இனிமே மாத்தவே முடியாது. ஆனா மனசுக்குள்ள மாத்திப் பார்க்கிறோம். அப்படி நடந்திருந்தா, இப்படி ஆகியிருக்கும்."

அண்ணிக்கு இது சட்டென்று பிடிபட்டது. தமிழில் வினையின் வாலில் ஓர் 'ஆல்' ஒட்டினால் வேலை முடிந்தது. இங்கிலீஷில் 'இஃப்' முதலிலேயே வந்து எச்சரிக்கை செய்துவிடுகிறது. அந்தப் பக்கம் 'ஹேட்' நின்றால் இந்தப் பக்கம் 'வுட் ஹேவ்' நிற்க வேண்டும். பெட்ஷீட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்பது மாதிரிதான். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவள் மனதுக்குள் நான்கைந்து வாக்கியம் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

"வீட்டுல ஆளுக்கு அஞ்சு வாக்கியம் எழுதிட்டு வாங்க. புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. உங்க வாழ்க்கையில நிஜமா நடந்ததை எழுதுங்க," என்றாள் டீச்சர்.

வீடு என்பது ஒரே அறை. அண்ணியின் புருஷன் ஊர் ஊராகச் சரக்கு வண்டி ஓட்டுபவன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை முகம் காட்டுவான். மற்ற நாளெல்லாம் பெண்கள் இருவர்தான். நாத்தனார் கட்டுப்போட்ட வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவள் தலையை வாரிப் பின்னல் போட்டாள். ரப்பர் பேண்ட் மாட்டும்போது நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு டாக்டர் பிரிச்சுப் பார்த்தாரு அண்ணி. நடுவிரலும் மோதிரவிரலும் ஒண்ணா ஒட்டிக்கப் பார்க்குதாம். ரெண்டும் அவ்வளவு சிநேகிதம். இன்னும் ஒரு மாசத்துக்குள்ள ரெண்டாவது ஆபரேஷன் பண்ணினா மடக்க வரும்ங்கறாரு. தள்ளிப்போட்டா கை கரண்டி மாதிரி அப்படியே நின்னுடுமாம்."

"எல்லாம் பண்ணிடலாம். அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை வைக்கிறாங்க. மெஷின் பக்கம் தப்புன்னு முடிவாச்சுன்னா முழுச் செலவும் ஹோட்டல்தான் பார்க்கணும்."

"ஆகும்ல?"

"ஆகாம பின்ன? பட்டையைக் கட்டச் சொல்றது யாருன்னு ஊருக்கே தெரியும்."

அண்ணி தாளை எடுத்துத் தரையில் குப்புறப் படுத்து எழுத ஆரம்பித்தாள். அப்பா இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடம் போயிருப்பேன். மழை பெய்யாமல் இருந்திருந்தால் துணி காய்ந்திருக்கும். பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் நான் ஓடியிருக்க மாட்டேன். மூன்று ஆயிற்று. நான்காவதுக்குப் பேனா நின்றது.

விபத்து நடந்த அன்று காலை பட்டையின் முடிச்சு தானாகத் தளர்ந்து இறங்கியது. "இருக்கட்டும் அண்ணி, கொஞ்ச நேரம் இப்படியே ஓட்டலாம்," என்றாள் நாத்தனார். இரண்டு முறை இயந்திரம் நின்றது. படிக்கட்டு மேலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்: "அண்ணி, எண்ணிக்கை என்னாகுறது? இறுக்கிக் கட்டுங்க அதை!" இயந்திர இரைச்சலில் பக்கத்தில் இருந்த அண்ணிக்கு மட்டும்தான் அது கேட்டது. அவள் கட்டினாள். சொன்னபடியே இறுக்கி, இரட்டை முடிச்சாகக் கட்டினாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாத்தனாரின் கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது.

கட்டியது யார் என்று நாத்தனார் இதுவரை கேட்டதில்லை. ஈரத்துணி மூட்டையை எடுக்க அப்போது அவள் திரும்பியிருந்தாள். ஆறு வாரமாக அவளுக்குச் சோறு ஊட்டும்போதும், முதுகு தேய்த்துவிடும்போதும் அண்ணியின் தொண்டைவரை அது வந்து வந்து திரும்பிப் போயிற்று. தமிழில் வாயே வரவில்லை. இங்கிலீஷில் மடமடவென்று கை எழுதியது. நான் பட்டையைக் கட்டாமல் இருந்திருந்தால் என் நாத்தனாரின் கை உள்ளே போயிருக்காது. எழுதி முடித்ததும் இந்த ஆறு வாரத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக வந்தது போலிருந்தது. ஐந்தாவதையும் எழுதினாள். சூப்பர்வைசர் கத்தாமல் இருந்திருந்தால் நான் கட்டியிருக்க மாட்டேன்.

"என்ன அண்ணி எழுதுறீங்க?"

"உன்னைப் பத்திதான்."

"நல்ல விதமா எழுதுங்க. வாயாடின்னு எழுதிடாதீங்க. எழுதினாலும் பரவாயில்லை, இங்கிலீஷ்ல திட்டினா எனக்கு ரோஷம் வராது."

அண்ணி சிரித்தாள். கண்ணீர் வந்ததைச் சிரிப்போடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தாளைப் பார்த்த டீச்சருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். "ஒரு தப்புகூட இல்லை அண்ணி! அஞ்சும் சரி," என்று ஐந்து சிவப்பு டிக் போட்டாள். வகுப்பால் என்ன லாபம் என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பர்சனல் ஆபீசரிடம் போனாள். ஒரு லாண்டரிக்காரி இவ்வளவு எழுதுகிறாள் என்று காட்டினால் வகுப்பு தொடரும் என்று நினைத்தாள். அவள் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

புதன்கிழமை விசாரணை. பர்சனல் ஆபீசரின் அறைக்கு வெளியே பெஞ்சில் லாண்டரிப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் முதலில் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அண்ணி, தண்ணியெல்லாம் குடுக்கறாங்க," என்றாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஆபீசரும், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சுவரோரமாகச் சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க அண்ணி. இது உங்க கையெழுத்துதானே?"

ஆபீசர் நீட்டியது ஜெராக்ஸ். அதில் சிவப்பு டிக்குகள் கறுப்பாகியிருந்தன. அண்ணிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

"ஆமாங்க சார்."

"நாலாவதை மட்டும் சத்தமா படிங்க. சாருக்குக் கேக்கணும்."

அண்ணி வாயைத் திறந்தாள். அந்த நொடியில்தான் விஷயம் புரிந்தது. ஆனால் ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார், வந்தவர் பேனாவோடு காத்திருந்தார். அவள் படித்தாள். இஃப், ஹேட், வுட் ஹேவ் எல்லாம் அதனதன் இடத்தில் தடுக்காமல் வந்து விழுந்தன. வந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"சார், இதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. அஞ்சாவது."

"எங்க இருக்கு?"

ஜெராக்ஸ் நான்காவது வரியோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"எழுதினேன் சார். டீச்சர்கிட்ட கேளுங்க."

"அவங்க இன்னைக்கு லீவு."

"சூப்பர்வைசர்தான் சார் கட்டச் சொன்னாரு."

"நானா?" என்றார் சூப்பர்வைசர், தரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் சொன்னது யாருக்காவது கேட்டுச்சா?"

அண்ணி தமிழ் தெரியாதவர் பக்கம் திரும்பினாள். "இஃப் த சூப்பர்வைசர்..." என்று தொடங்கினாள். அவருக்கு நேராகச் சொல்லிவிட்டால் போதும். அடுத்து நிற்க வேண்டிய 'ஹேட்' எங்கோ போய்விட்டது. மறுபடி, "இஃப் த சூப்பர்வைசர்," என்றாள்.

"எழுத்துல இருக்கறது மட்டும் போதும் அண்ணி," என்றார் ஆபீசர், அன்பாகவே. "உங்க இங்கிலீஷ் நல்லா வந்திருக்கு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து மேல் மாடி. ஆர்டர் போட்டாச்சு."

வந்தவர் ஒரு தாளில் ஏதோ நிரப்பி ஆபீசரிடம் தள்ளினார். ஆபீசர் மணி அடித்தார். நாத்தனார் உள்ளே வந்தாள். முகமெல்லாம் பல்.

"வெளிய கேட்டுச்சு அண்ணி! கடகடன்னு படிச்சீங்களே, எங்கயும் தடுக்கவே இல்லை. எங்க அண்ணின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"இதுல ஒரு கையெழுத்து வேணும்மா," என்றார் ஆபீசர்.

"கை இப்படி இருக்கே சார்."

"இடது கட்டைவிரல் போதும். இன்னைக்கே வச்சாதான் இந்த மாசச் சம்பளம் வரும். வைக்கலைன்னா அதுவும் நின்னுடும்."

முதல் வகை, நடக்கக்கூடியது என்று அண்ணியின் மனசு தானாக வகை பிரித்தது. அப்படிப் பிரித்ததற்காகவே தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

நாத்தனார் மைப்பெட்டியில் கட்டைவிரலை நன்றாக அழுத்தி எடுத்தாள். தாளைப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். தாளை அப்படியே அண்ணி பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க அண்ணி. அப்புறம் வைக்கிறேன்."

அண்ணி படித்தாள். விபத்து தொழிலாளர்களின் சொந்தக் கவனக்குறைவால் நடந்தது. மேற்கொண்டு சிகிச்சைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இதைப் படித்து, புரிந்து, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாமல் இல்லை. திரும்ப முதல் வரியிலிருந்து படித்தாள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் கதவைப் பார்த்தார். நாத்தனார் விரலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, மேஜையில் மை சொட்டிவிடாமல் பார்த்துக்கொண்டு, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணி, மை காயுது."