பிஞ்சு வெள்ளரிக்கு வரி

பிஞ்சு வெள்ளரியை ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் விரல் தடிமனைத் தாண்டிவிடும். தாண்டிய காயைக் கொடியிலேயே முற்றவிட்டால், தன் வேலை முடிந்தது என்று கொடி பூப்பதை நிறுத்திவிடும். அதனால் வாங்க ஆள் இல்லாதபோதும் அவள் தினமும் பறித்தாள். பறித்ததை வேலியோரக் குழியில் கொட்டினாள்.

கணவன் ஒரு வாரம் கூடவே பறித்தான். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டான்.

"குழியில கொட்டறதுக்கு இவ்வளவு பக்குவமா பறிக்கிறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்."

"வெடுக்குனு பிச்சா கொடிக்குக் காயம். வாயை மூடிக்கிட்டு அடுத்த வரிசையைப் பாருங்க."

விதையைக் கொடுத்தது ஊறுகாய் கம்பெனி. காயையும் அதுவே எடுத்து, பாட்டிலில் அடைத்துக் கப்பலேற்றும். இந்த ஊரில் அதை யாரும் தின்பதில்லை. சந்தைக்கு ஒரு கூடை கொண்டுபோனபோது காய்கறிக்காரி கடித்துப் பார்த்துத் துப்பினாள். மாடுகளும் சில நாளில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

பாட்டில் போய்ச் சேரும் தேசத்தோடு பக்கத்து நாடு வர்த்தக ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவர்கள் சரக்கு வரியில்லாமல் இறங்கியது, இவர்கள் சரக்கு வரியோடு. வாங்குகிறவன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். கம்பெனி காய் எடுப்பதை நிறுத்தியது.

கம்பெனியின் வயல் மேற்பார்வையாளனைச் சல்லடை என்பார்கள். ஒவ்வொரு காயையும் அளந்தே கழிப்பான். அவன்தான் சொல்லிவிட்டுப் போனான்: "நம்ம அரசாங்கமும் பேசிக்கிட்டிருக்கு. கையெழுத்தாகிற அன்னைக்கே லாரி வரும். கொடியை மட்டும் சாகவிடாதீங்க அக்கா."

"பிடுங்கிட்டுச் சோளம் போடலாம்," என்றான் கணவன். "இப்ப ஈரம் இருக்கு. விட்டா அதுவும் போயிடும்."

"லாரி வந்தா சோளத்தையா ஏத்துவீங்க?"

அவன் விட்டுவிட்டான். மழை ஈரம் போனது. கொடிகளுக்கு மட்டும் அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

ஒரு காலையில் கையெழுத்தான செய்தி டிவியில் வந்தது. இரண்டு மந்திரிகள் பேனாவை மாற்றிக்கொண்டு சிரித்தார்கள். கணவன் எழுந்து, அவளுக்கு முன்னால் வயலுக்குப் போனான். இருவரும் மத்தியானம் வரை பறித்துப் பெட்டிகளில் நிரப்பினார்கள்.

லாரி வந்தது. சல்லடை இறங்கி, கொட்டகையில் கிடந்த கம்பெனியின் காலி பிளாஸ்டிக் பெட்டிகளை எடுத்து ஏற்றத் தொடங்கினான்.

"காய் இந்தப் பக்கம் இருக்கு தம்பி."

"பெட்டிக்குத்தான் வந்தேன் அக்கா."

"கையெழுத்தாயிடுச்சே."

"ஆச்சு. அவங்க ஆப்பிளும் பால் பவுடரும் உடனே வரியில்லாம இங்க வரும். நம்ம வெள்ளரிக்கு வரி போக ஏழு வருஷமாம். வருஷத்துக்குக் கொஞ்சமா, படிப்படியா குறைப்பாங்களாம்."

கணவன் சிரித்தான். "ஏழு வருஷமா? இது ஒரு ராத்திரி பொறுக்காதே தம்பி. மந்திரிகிட்ட யாராவது சொன்னீங்களா?"

"எனக்கே காலையிலதான் தெரியும் அண்ணே. அவ்வளவு நாள் முதலாளி காத்திருப்பாரா? கம்பெனியைப் பக்கத்து நாட்டுக்குத் தூக்கிட்டுப் போறாரு."

"அங்க யாரு பறிக்கிறா?" என்று கேட்டாள் அவள்.

"பொம்பளைங்கதான். உங்களை மாதிரி."

"திருகி எடுக்கச் சொல்லிக் குடு. தெரியாம இழுத்துடப் போறாங்க."

"நான் போகலை அக்கா. என்னை நிறுத்திட்டாங்க. பெட்டி சேகரிக்கிறதுதான் கடைசி வேலை."

அவள் அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மிச்சப் பெட்டிகளை ஏற்றினான். இவர்கள் காலையில் பறித்து நிரப்பியிருந்த பெட்டிகளையும் தரையில் கவிழ்த்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

லாரி போனதும் கணவன் குனிந்து வரிசைகளுக்கு நடுவே மண்ணைக் கிளறிப் பார்த்தான். விரலில் மாவாக உதிர்ந்தது. அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளாலும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்க முடியும்.

அவள் முதல் வரிசைக்குப் போய்க் கொடியை அடியோடு பற்றி இழுத்தாள். பூக்கள் விரிந்திருந்தன.

"மெதுவா. பந்தல் கம்பி அறுந்துடும்," என்றான் அவன்.

அவள் மெதுவாக இழுக்கவில்லை.