பன்னிரண்டாம் தீம்பாரின் வெள்ளைப் புள்ளி

பரஞ்சோதி கிராணி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. இடுக்கை உண்டாக்கியது கறையான். அதை அடைக்காமல் விட்டது மட்டும்தான் என் பங்கு.

ரஷ்யாக்காரன் வானத்தில் ஒரு நிலாவை ஏவிவிட்டான் என்ற சேதியை ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் பாலிங் டவுனில் மூசா ராவுத்தர் கடை ரேடியோ சொன்னது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தும் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிய முள்கம்பி போகாத சமயம் அது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று காலையில் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் பால் வெட்டுக்கு விடுவார்கள். ஒரு கவளம் சோறு வேலிக்கு வெளியே போகாது. அப்படிப்பட்ட நாளில் வானத்தில் சுற்றுவதைப் பற்றி யாருக்குக் கவலை? பரஞ்சோதிக்கு இருந்தது.

அவர் ஆபீசில் தோட்டத்து வரைபடத்தைப் பார்த்துக்கொள்கிற குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி. தீம்பார் என்கிற ரப்பர்ப் பிரிவுகளில் எதற்கு எத்தனை ஏக்கர், எந்த மரநிரை எந்த வெட்டுக்காரனுக்கு, எந்த வடிகால் எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்றபடி உலகம் தெரியாது. கிராணியாக இருந்துகொண்டு பால் மரம் வெட்டுகிற வீட்டில் பெண் எடுத்தவர். அதைப் பற்றி நாங்கள் பேச வேண்டியதை அப்போதே பேசி முடித்துவிட்டோம்.

ரேடியோ கேட்டு வந்த வாரத்திலேயே பழைய வரைபடத்தின் முதுகில் எழுத ஆரம்பித்தார். பூமியை மேலிருந்து பார்ப்பதற்கென்றே நிலாக்கள் செய்ய வேண்டுமாம். ஒன்று போதாது, ஆறு வேண்டும். மேகத்துக்கு ஒன்று, காட்டுக்கும் பயிருக்கும் இரண்டு, கடலுக்கு ஒன்று, மீதி இரண்டும் மாற்றாள். ஒரு நிலா ஏழு வருஷம் உழைக்கும். அது சாவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அடுத்தது மேலே போய்விட வேண்டும். பழைய கண்ணும் புதிய கண்ணும் ஒரே இடத்தைச் சேர்ந்து பார்த்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சோதித்த பிறகுதான் பழையதை விடலாம். எடுத்த படங்களை ஐம்பது வருஷம் கறையான் அரிக்காமல் எங்கே வைப்பது என்பதற்கே நாலு பக்கம். திட்டம் இரண்டாயிரமாவது வருஷம் வரைக்கும் போயிற்று.

அவர் மனைவி பிரேமாவதி அடுப்படியிலிருந்து, கூரை ஒழுகுவது அந்த ஆறு நிலாவில் எதற்குத் தெரியும் என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, அவ்வளவு சின்னது தெரியாது என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே அவருக்கு நிலா கிராணி என்று பெயர் விழுந்திருந்தது. யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறு வருஷம் மார்ச் கடைசியில் பாலிங்கிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். சின்ன வயது, மலாய்க்காரர், சட்டை மடிப்புக் கலையாதவர். துரையின் அறையில் இரண்டு படங்களை விரித்தார். ஆகாய விமானத்திலிருந்து எடுத்தவை. ஒன்று போன செப்டம்பரில், இன்னொன்று இந்தப் பிப்ரவரியில். இரண்டாவதில் காட்டோரம் நகக்கண் அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் போகும் மெல்லிய கோடு. முதல் படத்தில் அது இல்லை. இது எந்தத் தீம்பார் என்று சொல்ல நம்முடைய நிலா கிராணியைக் கூப்பிட்டார்கள்.

ஆறு மாதமாக மனசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஸ்டோர் கிராணி, அந்த நேரம் துரை அறையில் கணக்குப் புத்தகத்தோடு நின்றவர், சொன்னார்: கல்யாண வீட்டில் பாயசத்தைக் கண்ட பிள்ளை மாதிரி குனிந்தாராம். பூதக்கண்ணாடியை வைத்து, வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்து, பன்னிரண்டாம் தீம்பார் வடக்கு மூலை, கடைசி நிரை என்று பளிச்சென்று சொன்னாராம். அந்த நிரை யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதே சந்தோஷத்தில், இருளப்பனுடையது என்றும் சொல்லிவிட்டார்.

இருளப்பன் பிரேமாவதியின் கூடப்பிறந்த அண்ணன்.

போலீஸ்காரர்கள் அந்த மூலைக்குப் போனார்கள். கூட்டிப் பெருக்கிய தரை, நடுவில் கல், சாம்பல், காய்ந்த வாழைப்பழத் தோல். முனியாண்டிக்கு வைத்தது என்றான் இருளப்பன். இலை உதிர்கிற காலத்தில் கல்லை மூடிவிடும் என்பதால், வெட்டு நிற்கும் அந்த நாட்களில் கடைசி நிரைக்காரன் அந்த இடத்தையும் போகிற பாதையையும் கூட்டி வைப்பது இந்தத் தோட்டத்து வழக்கம். கேட்டில் அகப்படாமல் இரண்டு பழத்தை எப்படிக் கொண்டு போனான் என்பது அவனுக்கும் முனியாண்டிக்கும் மட்டும் தெரியும். இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: அவ்வளவு நாளாக இருக்கிற கல் என்றால் செப்டம்பரில் ஏன் காணோம்? கல் எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்பதையே இருளப்பன் திரும்பத் திரும்பச் சொன்னான். காட்டு ஆட்களுக்குச் சாப்பாடு வைக்கிற இடம் என்று எழுதி ஜீப்பில் ஏற்றினார்கள். அப்படி ஏறினவர்கள் விசாரணை இல்லாமலே வருஷக்கணக்கில் உள்ளே கிடந்ததுண்டு. வீட்டு ஆட்களைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளப்பிவிடுவதும் உண்டு. இருளப்பனுக்கு மூன்று பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் நான் இடுக்கை விட்டு நகரவில்லை.

"ஆறு நிலா வெச்சீங்களே, அதுல ஒண்ணுக்காச்சும் எங்கண்ணன் தெரியலயா?" என்றாள் பிரேமாவதி. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் திட்டத்தாளை எடுத்து முதலிலிருந்து படித்தார். எங்கே கண், எத்தனை உயரம், படம் வைக்க எங்கே பெட்டி என்று எல்லாம் இருந்தது. எந்த மாதத்தை எந்த மாதத்தோடு சேர்த்துப் பார்ப்பது என்பது இல்லை. அதைக் கண்டுபிடித்த மனிதர் எழுந்துபோய்த் துரை பங்களாக் கதவைத் தட்டினார். ஆபீஸ் அலமாரியில் பழைய ஆகாயப் படக்கட்டு ஒன்று இருக்கிறது. ஐம்பத்து நாலில் மறுநடவுக்காக எடுத்தது. அதைக் கொண்டு போக உத்தரவு வேண்டும் என்று கேட்டார். நல்ல வெட்டுக்காரனை இழக்கத் துரைக்கும் மனசில்லை. கொடுத்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் பாலிங் போனோம். நான் பிரேமாவதிக்குத் துணை. வேறு எதற்காகவும் இல்லை.

ஸ்டேஷனில் பரஞ்சோதி மேசைமேல் மூன்று படங்களையும் வரிசையாக வைத்தார். எல்லாம் மலாயில்தான், வரிக்கு வரி துவான் போட்டு மரியாதையாகப் பேசினார். முதலில் வெள்ளைப் புள்ளியைக் காட்டவே இல்லை. பிப்ரவரிப் படத்தில் பன்னிரண்டாம் தீம்பாரின் நடுவே போகும் ஒரு கோட்டைக் காட்டி, துவான், இது என்ன என்றார். வடிகால் என்றார் இன்ஸ்பெக்டர். செப்டம்பர் படத்தில் அதைக் காட்டச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தேடினார். பூதக்கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். இல்லை.

அந்த வடிகாலை வெட்டி முப்பது வருஷம் ஆகிறது, துவான். செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் அதையும் கம்யூனிஸ்டுதான் வெட்டினானா என்று கேட்டார். பரஞ்சோதி பேசியதா அது என்று நான் திரும்பிப் பார்த்தேன். முகம் வியர்த்திருந்தது.

ரப்பர் மரம் வருஷத்தில் ஒருமுறை இலை முழுக்க உதிர்க்கும் என்று விளக்கினார். செப்டம்பரில் மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். பிப்ரவரியில்தான் தரை தெரியும். இலை உள்ள நாளையும் இல்லாத நாளையும் பக்கத்தில் வைத்தால் தோட்டம் முழுக்கக் குற்றவாளிதான். பிப்ரவரியைப் பிப்ரவரியோடு வைக்க வேண்டும். பழைய படத்தைத் தள்ளினார். ஐம்பத்து நாலு பிப்ரவரியிலும் அதே மூலையில், அதே வெள்ளைப் புள்ளி, அதே கோடு. அப்போது அந்த நிரை இருளப்பனுடையதுகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் வெகு நேரம் பார்த்தார். எனக்கும் ஒரு முறை கண்ணாடி கிடைத்தது. என் வீட்டுக் கொடியில் துணி தெரிகிறதா என்று தேடினேன். லயமே தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. இதையா நிலாவிலிருந்து பார்க்கப் போகிறார் மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழைப்பழத்துக்காக இருளப்பனுக்கு ஒரு எச்சரிக்கை. மத்தியானம் வெளியே விட்டார்கள். விடும்போது இன்ஸ்பெக்டர், இனி வருஷா வருஷம் பிப்ரவரியில் படம் எடுக்கச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். நல்ல யோசனை தந்ததற்குப் பரஞ்சோதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரஞ்சோதி கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவசரப்பட்ட மாதிரி எனக்குப் பட்டது.

மூசா ராவுத்தர் கடையில் டீ குடித்தோம். பிரேமாவதி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் பக்கம் ரொட்டித் தட்டை நகர்த்தினாள். பரஞ்சோதி பையிலிருந்து திட்டத்தாளை எடுத்து ஓரத்தில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். படத்தைப் படிக்கிறவன் வருஷத்தில் ஒரு நாளாவது அந்த இடத்தில் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. அவர் எழுதியதிலேயே எனக்குப் புரிந்த வரி அது ஒன்றுதான்.

இருளப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்ப மாப்ள, வர்ற வருசம் கூட்டாம விட்டுறலாமா? எலையே மூடிக்கிட்டுக் கெடக்கட்டும். வம்பில்லலா."

"கூட்டணும் மச்சான்."

"ஏன்?"

"விட்டா மாறிருச்சும்பான். ஏன் மாறுச்சுன்னு மறுபடியும் வருவான். இதே அகலம், இதே பாதை. ஒரு முழங்கூட கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

இருளப்பன் டீயைக் கீழே வைத்தான். "இவ்வளவு நாளா சாமிக்குக் கூட்டுனேன்" என்றான்.

டீக்காசைப் பரஞ்சோதி கொடுத்தார்.

அடுத்த பிப்ரவரியில் இலை கொட்ட ஆரம்பித்த மறுநாளே அவன் விளக்குமாற்றோடு போனான். கேட்டில் எதற்கு என்று கேட்டார்கள். படத்துக்கு என்றான். விட்டுவிட்டார்கள்.