சாமி தலையாட்டிய படம்

அந்தப் படத்தை எடுப்பதற்கு முன்னால் நான் அனுமதி கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லாரும் என்னிடம் கேட்டது அதைத்தான்.

தைப்பூசத்தன்று, ஜோகூர் பாருவில், காலை பத்து மணி. காவடிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முச்சந்தியில் போலீஸ்காரர் ஒரு குப்பை லாரியை மறித்து நிறுத்தியிருந்தார். லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த மலாய்க்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் கை வைத்து நின்றார். அவருக்கு நேர் முன்னால் மயிலிறகுக் காவடியோடு ஒருவர். இரண்டு கன்னங்களையும் துளைத்துக்கொண்டு வேல். கண்கள் பாதி மூடியிருந்தன. வலியா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒரு முகம். முழங்கால் வலியையும் மறந்து ஓடினேன்.

"தம்பி, ஒரு படம் எடுத்துக்கவா?"

தலையை ஆட்டினார். எடுத்தேன்.

இருபத்தெட்டு வருடம் தம்போய் வட்டாரத்தில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்தே ஓய்ந்தவள் நான். வேலையை விட்ட பிறகு மருமகள் பிரவீனா பயன்படுத்தாமல் வைத்திருந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒன்பது வருடமாகச் சுற்றுகிறேன். சீனக் கூத்து மேடைக்குப் பின்னால் முகத்தில் பாதிச் சாயத்தோடு நூடல்ஸ் சாப்பிடும் நடிகை, மலாய்க் கம்போங் கல்யாணத்தில் கொம்பாங் மேளம் அடிக்கும் கிழவர்கள், பூக்கடையில் நின்றபடியே தூங்கும் பெண் என்று ஹார்ட் டிஸ்க் நிறைந்து கிடக்கிறது. யாரும் கேட்டதில்லை. பேரப்பிள்ளைகள்கூடப் பார்த்ததில்லை. 'உனக்கு எதுக்கு இந்த வேலை யோகேஸ்வரி' என்று என் கால்கள் மட்டும் தினமும் கேட்கும்.

இந்த ஒரு படத்தைத்தான் நிலோபர் கேட்டாள். பழைய கடைத்தெருவில் அவளுக்கு ஒரு படக்கூடம் இருக்கிறது. அப்பாவின் ஜவுளிக்கடையை அப்படி மாற்றிவிட்டாள். நகரத்தின் தெருக்களைப் பற்றி ஒரு கண்காட்சி, பதினோரு பேர், ஆளுக்கு ஒரு படம்.

"ஆன்ட்டி, வாசல் சுவர் முழுக்க உங்க படம்தான். உள்ள வரவங்க மொதல்ல இந்த முகத்தைத்தான் பாக்கணும் லா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அறுபத்தி நாலு வயதில் அதுதான் என் முதல் சுவர்.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு அழைப்பு வந்தது. கண்காட்சி விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் ஆள் நான்தான், நிலோபரிடம் நம்பர் வாங்கினேன், உடனே பார்க்க வேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் டீக்கடையில் சந்தித்தோம். காவடி இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். பெயர் லோகேஸ்வரன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாராம்.

"ஆன்ட்டி, அந்தப் படத்தை எடுத்துருங்க."

"ஏன் தம்பி? நல்லாதானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சனை. என் மூஞ்சி தெளிவா தெரியுது."

தே தாரிக் டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். இந்தப் பக்கம் ஜோகூரில் தைப்பூசத்துக்கு லீவு. அந்தப் பக்கம் சிங்கப்பூரில் லீவு கிடையாது. மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய ஆண்டு லீவு முழுவதும் தீர்ந்துவிட்டது. பிழைத்தால் காவடி எடுக்கிறேன் என்று அப்போதுதான் வேண்டிக்கொண்டிருக்கிறார். சம்பளமில்லாத லீவு கேட்டால் ஆள் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அதனால டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கிப் போட்டேன். வயித்துப்போக்குன்னு."

"வயித்துப்போக்குக்கா காவடி?"

"சிரிக்காதீங்க ஆன்ட்டி. மறுநாள் வேலைக்குப் போனா, சூப்பர்வைசர் கன்னத்துல என்ன ஓட்டைங்கறான். முகப்பரு கிள்ளிட்டேன்னு சொன்னேன். ரெண்டு பக்கமும் ஒரே எடத்துலயாங்கறான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. இன்னொண்ணு வந்தா வேலை பெர்மிட் கேன்சல். அந்த சூப்பர்வைசர் இங்கதான் இருக்கான், ஜோகூர் பாருல. சனிக்கெழமையானா பொண்டாட்டி புள்ளைங்களோட வாழைப்பழக் கேக் வாங்க, கண்காட்சி நடக்கற அந்தத் தெருவுக்குத்தான் வருவான்."

"தம்பி, நான் உங்களைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். நீங்க தலையாட்டுனீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப? அந்த முச்சந்தியிலயா? எனக்கு அந்த முச்சந்தியே ஞாபகம் இல்ல ஆன்ட்டி. கோயில் வாசல்ல வேல் குத்துனது தெரியும், அப்புறம் எறக்குனது தெரியும். நடுவுல நான் இல்ல. நீங்க சாமிகிட்ட கேட்டிருக்கீங்க. என்கிட்ட கேக்கல."

அருள் வந்து ஆடுகிறவரிடம் போய் அனுமதி கேட்ட ஒரே படக்காரி இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். தலை ஆடியது. எல்லாவற்றுக்கும் ஆடிக்கொண்டிருந்த தலை. அதை எனக்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நிலோபரிடம் போனேன். படம் அச்சாகி வந்து சுவரில் ஏறியிருந்தது. ஆள் உயரம். நடந்ததைச் சொன்னேன்.

"பொது ரோட்ல நடந்த ஊர்வலம் ஆன்ட்டி, சட்டப்படி நமக்குப் பிரச்சனை இல்ல," என்றாள். "ஆனா ஆள் வேலை போயிருமேன்னு எனக்கும் பயமா இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"வேற படம் தரட்டுமா? பூக்கடைப் பொண்ணு?"

"தேர்வுக் கமிட்டி இந்த ஒண்ணைத்தான் எடுத்தாங்க. இது இல்லன்னா வெயிட்டிங்ல இருக்கற ஆளுக்குப் போயிரும். சாரி ஆன்ட்டி, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

முகத்தை வெட்டிவிட்டால் என்ன என்று அவள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். முகம் போனதும், லாரியில் தொங்கிக்கொண்டு யாருமில்லாத இடத்துக்கு மரியாதை செய்யும் ஒரு மனிதர் மட்டும் மிஞ்சினார். மூடிவிட்டேன்.

வெளியே வந்து கடை வாசல் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை. சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியை நோக்கி விடியற்காலையில் போகும் மோட்டார்சைக்கிள்களை நான் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான ஹெல்மெட்கள். ஏதோ ஒரு ஹெல்மெட்டுக்குள் இந்த லோகேஸ்வரனும் இருந்திருப்பார். அந்தப் படங்களால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. முகம் தெரியாதவரை எல்லாம் நல்ல படம்தான். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முகம் சிக்கியது, அது வேலையைத் தின்னப் பார்க்கிறது.

உள்ளே போய் "எறக்கிரும்மா," என்றேன்.

நிலோபர் விளம்பரத்திலும் படத்தை மாற்றிவிட்டு, ஏணி எடுத்து வரச் சொன்னாள். அந்த இடத்தில் யாரோ ஒரு பையன் எடுத்த பூனைப் படம் ஏறியது. பூனைக்கு எந்தக் கம்பெனியும் இல்லை.

சுருட்டிய படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக லோகேஸ்வரன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கிருஷ்ணவேணி கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளி வைத்தாள். தரையில் விரித்து, நாலு மூலையிலும் செருப்பு வைக்கப் போனவள் படத்திலிருந்த வேலைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பால் டின்களை எடுத்து வந்து வைத்தாள்.

லோகேஸ்வரன் படத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார்.

"நானா ஆன்ட்டி இது?"

"பின்ன யாரு?"

"நான் இப்படி இருந்ததே எனக்குத் தெரியாது."

அவருடைய மகள் வந்து காகிதக் கன்னத்தில் விரலை வைத்து, "அப்பா, வலிச்சுதா?" என்றாள். "இல்லடா," என்றார்.

"கூடத்துலயே மாட்டலாங்க," என்றாள் கிருஷ்ணவேணி.

"கம்பெனி ஆளுங்க தீபாவளிக்கு வருவாங்கல்ல? உனக்குப் பைத்தியமா?"

"அப்ப ரூம்ல."

"ரூம்ல சொவரு எங்க இருக்கு? அலமாரிதான் இருக்கு."

கடைசியில் மறுபடி சுருட்டி அலமாரிக்கு மேலே வைப்பது என்று முடிவானது. வாசல்வரை என்னோடு வந்தார்.

"ஆன்ட்டி, இந்தக் காயிதம் எவ்வளவு நாளு தாங்கும்?"

"ஈரம் படாம வச்சா பத்து வருசம்."

"பத்து வருசத்துல கண்டிப்பா கம்பெனி மாறிருவேன். அப்ப சொல்றேன், நீங்க தாராளமா சொவத்துல போடுங்க."

எனக்கு அப்போது எழுபத்தி நாலு ஆகியிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. சரி தம்பி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.