கொம்பு

திரையில் மனைவிக்காரி கணவனைப் பார்த்து அந்த வரியை மறுபடியும் சொன்னாள். காலையிலிருந்து அவன் அதையே ஓட்டிக்கொண்டிருந்தான். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது அவன் வேலை. கொம்புகளை உள்ளே இழுத்துக்கொள் என்கிறாள். முறைத்தது போதும், பின்வாங்கு என்று பொருள்.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். “வாலைச் சுருட்டுன்னு போட்டுட்டு எந்திரிப்பா. அவங்க மாட்டுக்கு நம்ம நாய்.”

“மாடு இல்ல சார், நத்தை. தொட்டா உள்ள இழுத்துக்கும்.”

“நத்தைக்குமா கொம்பு? காலம் கெட்டுப்போச்சு.”

அவன் சிரிக்கவில்லை. நேற்று போனில் அண்ணியும் கொம்பைப் பற்றித்தான் கேட்டாள். அண்ணி, இறந்துபோன மனைவியின் அக்கா. மனைவி போனதிலிருந்து மூன்று வயது மகள் அண்ணி வீட்டில்தான் இருக்கிறாள்.

“இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே தம்பி.”

“என் பிள்ளை. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க வெச்சதுதான் சட்டமா? கொம்பா முளைச்சிருக்கு உங்களுக்கு?”

போனை வைத்துவிட்டான். வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. குழாயைத் திறப்பான், சத்தம் கேட்பான், மூடுவான். பிள்ளை வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றிருந்தது.

வரியை எழுதாமலே அண்ணி வீட்டுக்குக் கிளம்பினான். வழியெல்லாம் அண்ணிக்குப் பதில்களைத் தீட்டிக்கொண்டே போனான். நீங்க பெரியம்மாதான், அம்மா இல்ல. இது கடைசிக்கு என்று வைத்திருந்தான்.

ஒன்றுக்கும் வேலையில்லை. வாசலில் துணிப்பை தயாராக இருந்தது. அண்ணியின் கண் வீங்கியிருந்தது.

“எல்லாம் வெச்சிட்டேன் தம்பி. லைட்ட அணைச்சா அழுவா. எரியட்டும், விட்டுடுங்க.”

பையைத் தூக்கினான். அதன் வாயில் ஒரு பழைய துப்பட்டா மடித்து வைத்திருந்தது. மனைவியுடையது.

“அது எதுக்கு?”

“அத முகத்துல போட்டுக்கிட்டாதான் தூங்குறா.”

அவனுக்கு அது தெரியாது. பையைக் கீழே வைத்தான்.

மழையில் நனைந்த மதில் ஓரம் மகள் குந்தியிருந்தாள். அருகில் போனதும் விரலை உதட்டில் வைத்தாள். “பேசாதீங்கப்பா. தொட்டேனா, ஒளிஞ்சிக்கிச்சு. வரும்.”

ஈரச் செங்கல்லில் ஒரு நத்தை. அவன் பக்கத்தில் குந்தினான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆபீஸ்தான், அந்த வரியைக் கேட்க. எடுக்கவில்லை. பின்னால் அண்ணியும் படியில் உட்காரும் சத்தம் கேட்டது. பையை யாரும் தொடவில்லை.

ஓட்டுக்கு அடியிலிருந்து நூல் போல ஒன்று நீண்டது. நின்றது. காற்றைத் தடவிப் பார்த்தது. மற்றது இன்னும் வெளியே வரவில்லை.